நீங்க இல்லைன்னா எது இருக்காது?

பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் கடந்த பத்து வருடங்களில் நிம்மதியாகச் செத்தவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. கொசுவோ, தண்ணியோ, ஜி.எஸ்.டி. ரோட்டு லாரிகளோ இதற்குக் காரணமில்லை. அஸ்தினாபுரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, எட்டுக்குப் பத்து அடிக் கடையில், ஒரு பழைய கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு மனிதர்தான் காரணம். ஊர் அவரை ஃப்ளெக்ஸ் சித்தர் என்று கூப்பிடுகிறது.

எங்கள் பக்கத்தில் எது நடந்தாலும் ஃப்ளெக்ஸ் வைத்தால்தான் அது நடந்ததாக அர்த்தம். காது குத்து, கல்யாணம், கட்சிப் பதவி எல்லாவற்றுக்கும் உண்டு. சாவுக்குக் கண்டிப்பாக உண்டு. நடுவில் போனவருடைய முகம், மேலே ‘கண்ணீர் அஞ்சலி’, கீழே தோற்றம் ஒரு தேதி, மறைவு ஒரு தேதி. எங்களைப் போன்ற கிறிஸ்தவர்களுக்கு விளக்குக்குப் பதிலாகப் புறா பறக்கும், ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று இருக்கும். உடம்பு வீட்டுக்கு வந்து சேருவதற்குள் இது தெருமுனையில் நின்றாக வேண்டும். மற்ற கடைகளில் போட்டோவைக் கொடுத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் ரெடியாக இருக்கும். சித்தர் கடையில் அது நடக்காது. அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அழுது வீங்கிய முகத்தோடு நிற்கிறவர்களிடம் நிதானமாக ஒரு கேள்வி கேட்பார். “அவரு இல்லைன்னா எது இருந்திருக்காது?”

பழைய ஊர்க்காரர் குடும்பம் ஒன்று. ஒருகாலத்தில் நெல் விளைந்த அவர்கள் நிலத்தில் இப்போது நாலு அபார்ட்மென்ட் நிற்கிறது. அப்பா காலையில் போய்விட்டார். இரண்டு மகன்களும் காரில் வந்து இறங்கினார்கள். பெரியவர், ‘வள்ளல்’ என்று போடச் சொன்னார். சின்னவர், ‘ஏழைகளின் விடிவெள்ளி’யும் வேண்டும் என்றார். சித்தர் எல்லாவற்றையும் டைப் அடித்துவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார். பெரியவர் கொஞ்சம் யோசித்து, நாங்கள் இரண்டு பேரும் இருந்திருக்க மாட்டோம் என்றார்.

“அது எல்லா அப்பாவுக்கும் கீது சார். இவருக்குன்னு இன்னா?”

நேரம் ஆகிறது என்று காரிலிருந்து இறங்கி வந்த மருமகள்தான் சொன்னாள். மாமா ஸ்கூட்டரில் போகும்போது நடுரோட்டில் நாய் படுத்திருந்தால் ஹாரன் அடிக்க மாட்டாராம். வண்டியை நிறுத்தி, ஸ்டாண்ட் போட்டு, இறங்கிப் போய், எழுந்துக்கப்பா என்பாராம். அது சோம்பல் முறித்து எழுந்து போகிறவரைக்கும் நிற்பாராம். இதனாலேயே எந்தக் கல்யாணத்துக்கும் முகூர்த்தத்துக்குள் போய்ச் சேர்ந்ததில்லையாம். சித்தர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிட்டார்.

பேனரில் வள்ளலும் இருந்தது, விடிவெள்ளியும் இருந்தது. ஆனால் கீழே வலது மூலையில், கடையின் செல் நம்பர் வர வேண்டிய இடத்தில், நகக்கண் அளவு எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘நாய் எழுந்திருக்கும்வரை காத்திருந்தவர்.’

மூன்றாம் நாள்தான் மகன்கள் கண்ணில் பட்டது. பெரியவர் நாலு ஆட்களோடு வந்துவிட்டார். ஊர் முழுக்க மானம் போய்விட்டது, எங்கப்பா என்ன நாய்க்குக் காவலா இருந்தார் என்று குதித்தார். சித்தர், “இல்லையா சார்?” என்று மட்டும் கேட்டார். அதற்குள் வீட்டிலிருந்து அம்மா போன் செய்துவிட்டார், பேனர் மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்று. பதினாறாம் நாள் முடிந்ததும் அந்த ஃப்ளெக்ஸ் எல்லா ஃப்ளெக்ஸையும் போல யாருடைய கொட்டகைக்கோ மழை மறைப்பாகப் போயிற்று. அந்த மூலையை மட்டும் அந்த அம்மா கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார்.

அதிலிருந்து ஊரில் யாரும் பேனரில் முகத்தைப் பார்ப்பதில்லை. குனிந்து மூலையைத்தான் பார்க்கிறார்கள். வாய்க்கு வந்தபடி திட்டுவார் என்று ஊரே பயந்த ஒரு வாத்தியாருக்கு, ‘ஃபெயிலானவர்களின் பெயரை மறக்காதவர்’ என்று இருந்தது. எல்லோரிடமும் சண்டை போட்ட ஒரு அம்மாவுக்கு, ‘தெருவில் யார் வீட்டில் குழந்தை அழுதாலும் ஏன் என்று கேட்டவர்’. அது உண்மைதான். கேட்டுவிட்டு அதற்கும் சண்டை போடுவார்.

சாவு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வயதுப் பிறந்தநாளுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்க வந்த அப்பா அம்மாவிடம், பாப்பா இந்த ஒரு வருஷத்தில் என்ன செய்தாள் என்று கேட்டார். அவர்கள் ஃப்ளெக்ஸை மறந்துவிட்டு, பாப்பாவையே பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கட்சிக்காரர் ஒருவர் தலைவரை ‘வருங்காலமே வருக’ என்று வரவேற்க வந்தார். வருங்காலம் வந்துவிட்டால் அது நிகழ்காலம் ஆகிவிடுமே, அப்புறம் தலைவருக்கு வேலை என்ன என்று சித்தர் கேட்டார். வந்தவர் கடை வாசலில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து அரைமணி நேரம் யோசித்தார். அடுத்த வாரமே வட்டப் பிரதிநிதி பதவியை ராஜினாமா செய்துவிட்டதாகக் கேள்வி. வீட்டில் சொன்ன காரணம் சுகர்.

இந்த மனிதரிடம் நான் எப்படிப் போய் மாட்டினேன் என்று சொல்ல வேண்டும். நான் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டென்ட். சாயங்காலம் ஐந்து மணிக்கு அஸ்தினாபுரத்தில் இறங்கிவிடுவேன். ஆனால் ஆறரை வரை வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. என் மனைவி ஸ்டெல்லா டியூஷன் எடுக்கிறாள். ஹாலில், சமையலறை வாசலில், என் கட்டில் மேல் எல்லாம் எட்டாம் வகுப்பு உட்கார்ந்திருக்கும். அந்த ஒன்றரை மணி நேரத்தை எங்கேயாவது தள்ள வேண்டும். ஒருநாள் பள்ளி ஆண்டு விழா பேனருக்காகச் சித்தர் கடைக்குப் போனேன். உக்காருங்க சார் என்றார். உட்கார்ந்தேன். எட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.

என் சுபாவம் அப்படிப்பட்ட இடத்துக்குப் போகக் கூடாத சுபாவம். நான் பயந்தாங்கொள்ளி. சாதாரணப் பயமில்லை. கொட்டாவி வந்தால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்துவிட்டது என்று நினைப்பேன். வராவிட்டால், ஏன் வரவில்லை என்று நினைப்பேன். நெஞ்சு குத்துகிறது என்று நான் சொன்னால் ஸ்டெல்லா தலை நிமிராமல் பெருங்காயத்தூளை எடுத்துக் கொடுப்பாள். இப்படிப்பட்டவன் தினமும் போய் உட்கார்ந்தது கண்ணீர் அஞ்சலி தயாராகும் கடையில். வேறு யாராவது என்றால் பயம் தெளிந்திருக்கும். எனக்கு இன்னும் முற்றிப்போயிற்று.

அவரும் என்னைச் சும்மா விடவில்லை. ஒருநாள் தோற்றத்துக்கும் மறைவுக்கும் நடுவில் வரும் சின்னக் கோட்டைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

“சார், இந்தக் கோடு அரை இன்ச்சு கீது. ஸ்கூலுக்குப் போனது, வூடு கட்டுனது, சண்டை போட்டது, கரென்ட் பில்லு க்யூல நின்னது எல்லாம் இதுக்குள்ளதான். எப்படி சார் அடங்குது?”

நான் விஞ்ஞானத் துறையில் இருப்பவன் ஆயிற்றே. கோட்டை நீட்டிப் பார்க்கலாமே என்றேன்.

“நீட்டிப் பார்த்தேன் சார். டிசைன் கெட்டுப்போவுது.”

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கரென்ட் பில் கட்டப் போனால் கோட்டுக்குள் நிற்பதாகவே தோன்றியது. வயது ஐம்பத்து மூன்று. கோட்டில் மிச்சம் எவ்வளவு என்று யாரைக் கேட்பது?

ஒருநாள் அவர் டீ சொல்ல எதிர்க் கடைக்குப் போனபோது, கம்ப்யூட்டரில் ‘ரெடி’ என்று ஒரு ஃபோல்டர் கண்ணில் பட்டது. எனக்குக் கை சும்மா இருக்காது. திறந்தேன். வரிசையாகப் பெயர்கள். ஷேர் ஆட்டோ ஸ்டாண்ட் செக்ரட்டரி, பால் பூத்துக்காரர், எங்கள் சபைப் போதகர். நடுவில் என் பெயர். கிளிக் செய்தால் நான் புறாவோடு சிரிக்கிறேன். தோற்றம் சரியான தேதி. அப்புறம் கோடு. மறைவுக்கு நேராக இடம் விட்டிருந்தது.

அவர் இரண்டு டீயோடு உள்ளே வந்தபோது எனக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் கொஞ்சம்கூட அசரவில்லை. அந்த நேரத்தில் வீட்டுக்காரர்களுக்கு நல்ல போட்டோ கிடைப்பதில்லையாம். ஆதார் கார்டில் இருக்கிற முகத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறார்களாம், பார்க்கப் பாவமாக இருக்கிறதாம். அதனால் தெரிந்தவர்களுக்கெல்லாம் முன்கூட்டியே நல்ல போட்டோவாகப் பார்த்து எடுத்து வைத்துவிடுகிறாராம். உங்களுக்கு ஆண்டு விழா போட்டோ, நல்லாச் சிரிச்சுகினு கீறீங்க என்று எனக்கே காட்டினார்.

பயத்தில் யாருக்கும் தோன்றாத ஒன்று எனக்குத் தோன்றியது. வலது மூலையைப் பார்த்தேன். பால் பூத்துக்காரருக்கு இருந்தது. போதகருக்கு இருந்தது. எனக்குக் காலி.

“என் மூலையில ஒண்ணும் இல்லையே” என்றேன்.

“யோசிச்சுகினு கீறேன் சார்” என்றார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. வாசகர்களே, சாவுக்குப் பயப்படுவது வேறு, இது வேறு. ஐம்பத்து மூன்று வருடம் சோறு தின்று, லேப் கோட்டும் கண்ணாடியும் போட்டு நடமாடிய ஒருவனைப் பற்றி, ஆறேழு வருடமாக நேருக்கு நேர் பார்க்கும் ஒருத்தர் ஒரு வரி எழுத முடியாமல் யோசிக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? நான் இல்லாவிட்டால் எது இருக்காது? லேபில் ஆசிட் பாட்டில் லேபிளைத் திருப்பி வைக்கிறேன். அது எவன் வேண்டுமானாலும் செய்வான். ஸ்டெல்லாவிடம் கேட்டேன். நீங்க இல்லைன்னா இந்தக் கேள்வி இருக்காது, நகருங்க, கூட்டணும் என்றாள்.

எப்படியாவது ஒரு வரி சம்பாதித்துவிடுவது என்று இறங்கினேன். பள்ளிக்கூட வாசலில் வேப்பங்கன்று நட்டேன். சாயங்காலம் போய்ச் சித்தரிடம் சாதாரணமாகச் சொல்வதுபோல் சொன்னேன். மறுநாள் ஆடு தின்றுவிட்டது. சபைப் பாடகர் குழுவில் சேர்ந்தேன். மூன்றாம் வாரம் குழுத் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்களுடைய ஊழியம் வேறு எங்கோ இருக்கிறது என்றார். ரத்த தானம் செய்யப் போனால் பி.பி.யைப் பார்த்துவிட்டு என்னைப் படுக்க வைத்துவிட்டார்கள். தெருக்குழாய் திறந்துகிடந்ததை நான் மூடியதைச் சொன்னபோது, நீங்க மூடலைன்னா பின்னால வர்றவரு மூடியிருப்பாரு சார் என்று சித்தர் அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அழுகை வந்தது.

இப்படி ஒரு வருடம் போனபிறகுதான் கழுத்தில் அந்தக் கட்டி வந்தது. இடது காதுக்குக் கீழே, புளியங்கொட்டை அளவு. இந்த முறை விசித்திரம் என்னவென்றால், டாக்டருக்கும் பிடிக்கவில்லை. வழக்கமாக நான் பயப்படுவேன், டாக்டர் சிரிப்பார். இவர் சிரிக்கவில்லை. அழுத்திப் பார்த்தார், மறுபடி அழுத்திப் பார்த்தார், ஊசி போட்டுச் சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார். எட்டு நாள் ஆகும் என்றார்.

ஸ்டெல்லாவிடம் பல் வலி என்று சொன்னேன். ஆயிரம் பொய் வியாதிகளைச் சொன்ன எனக்கு, நிஜமாக இருக்கலாம் என்றபோது வாய் வரவில்லை. சித்தரிடம் மட்டும்தான் சொன்னேன். மற்ற யாராக இருந்தாலும் ஒண்ணும் இருக்காது, தைரியமா இருங்க என்பார்கள். அவர் அப்படிச் சொல்ல மாட்டார் என்று தெரியும்.

“பயமா கீதா சார்?”

“ஆமா.”

“சரி, உக்காருங்க.”

அந்த எட்டு நாளும் அவர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. காலம், கோடு, வருங்காலம் எதுவும் கிடையாது. வாடிக்கையாளர்களிடம்கூடக் கேட்காமல் கேட்டதை அடித்துக் கொடுத்து அனுப்பினார். இரண்டு மூன்று பேர், சித்தருக்கு உடம்பு சரியில்லையா என்று என்னை விசாரித்தார்கள்.

ஒன்பதாம் நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு ரிப்போர்ட் வாங்கக் கிளம்பினேன். ஆஸ்பத்திரி பெரும்பாக்கம் பக்கம். போகும் வழியிலேயே போனை அணைத்துவிட்டேன். யாராவது கூப்பிட்டு ரிப்போர்ட்டில் இருப்பதைச் சொல்லிவிடுவார்களோ என்று பயம். அங்கே போனால் ரிப்போர்ட் வந்திருக்கிறது, டாக்டர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, நாலு மணிக்கு வாருங்கள் என்றார்கள். அந்தக் கவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. அதற்குள் நான் இருந்தேன், எனக்குத்தான் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து கவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செக்யூரிட்டி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். எழுந்து வெளியே வந்து ஷேர் ஆட்டோ ஏறினேன்.

அஸ்தினாபுரம் பஸ் ஸ்டாப் வந்ததும் ஆட்டோவில் இருந்த அம்மா ஒருவர் என்னைப் பார்த்தார், வெளியே பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார், பையை மடியில் இறுக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். நானும் வெளியே பார்த்தேன்.

புதிய ரீப்பர் கட்டையில், எட்டடி உயரத்தில், நான் புறாவோடு சிரித்துக்கொண்டிருந்தேன். கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மறைவு அன்றைய தேதி. யாரோ அதற்குள் ரோஜா மாலை வேறு போட்டிருந்தார்கள்.

“சார், அது உங்க அண்ணனா?” என்றார் டிரைவர்.

“நான்தான்” என்றேன்.

அவர் நான் இறங்கியதும் காசு வாங்காமல் போய்விட்டார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அது தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து இங்கே சொல்லிவிட்டார்கள், எனக்குத்தான் நாலு மணிக்குச் சொல்வதாக இருந்தார்கள் என்று நினைத்தேன். நாடி பிடித்துப் பார்த்தேன். ஓடியது. அது ஓடுவது எனக்குப் போதவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் யாராவது பார்ப்பார்களே என்ற நினைப்புகூட இல்லாமல் ரோட்டைக் கடந்து ஓடி, பேனருக்கு முன்னால் மண்டி போட்டு, வலது மூலையைப் பார்த்தேன்.

ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை.

செத்துப்போனதைவிட அது அதிகமாக வலித்தது. ஆக, அவ்வளவுதான். யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, எழுத ஒன்றும் கிடைக்காமல் விட்டுவிட்டார். நாய்க்குக் காத்திருந்தவருக்கு வரி உண்டு. சண்டைக்கார அம்மாவுக்கு உண்டு. எனக்கு இல்லை. எழுந்து முழங்கால் மண்ணைக்கூடத் தட்டாமல் கடைக்குப் போனேன்.

சித்தர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுத்தியலும் ஆணியும் காலடியில் கிடந்தன. நிமிர்ந்தார். என்னை மேலிருந்து கீழே பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார்.

“சார்,” என்றார். “கீறீங்களா?”

“இருக்கேன்” என்றேன்.

அவர் கேட்ட கேள்விகளில் எனக்கு விடை தெரிந்தது அது ஒன்றுதான்.

நடந்ததை அவர் வாயாலேயே பிறகு சொன்னார். காலையில் டி.வி.எஸ். வண்டியில் எங்கள் தெரு வழியாக வந்திருக்கிறார். எங்கள் வீட்டு வாசலில் ஷாமியானா, ஃப்ரீசர் பெட்டி, கூட்டம். மாடிப்படியில் ஸ்டெல்லா உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். என் போனுக்கு அடித்திருக்கிறார், அணைத்துக் கிடந்திருக்கிறது. அவ்வளவுதான், வண்டியைத் திருப்பிவிட்டார். பத்து வருடமாக ஊரையே கேள்வி கேட்டுச் சாகடித்த மனிதர், அன்றைக்கு அங்கே நின்றவர்களில் ஒருவரிடம்கூட யார் என்று கேட்கவில்லை. போனது மாடியில் இருந்த எங்கள் ஹவுஸ் ஓனர். எண்பத்தெட்டு வயது. நான் கிளம்பிய கொஞ்ச நேரத்தில், காபி குடித்துக்கொண்டே போயிருக்கிறார். ஸ்டெல்லாவுக்கு அவர் அப்பா மாதிரி.

யாரும் ஆர்டர் கொடுக்காமல் சித்தர் அடித்த ஒரே பேனர் அதுதான். தானே பிரின்ட் போட்டு, தானே கட்டை அடித்து, தானே தூக்கிக்கொண்டு போய் நட்டிருக்கிறார். அதெல்லாம் எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. எனக்கு மூலைதான் வேண்டும்.

“ஊர்ல ஒருத்தர் விடாம எழுதினீங்க. எனக்கு மட்டும் ஒண்ணும் தோணலையா?” என்றேன். குரல் எனக்கே கேட்கக் கூச்சமாக இருந்தது.

அவர் சுத்தியலைக் காலால் ஓரமாகத் தள்ளினார். கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்.

“மத்தவங்களுக்குத் தள்ளி நின்னு பார்த்து எழுதிடலாம் சார். உங்களுக்கு எழுதணும்னு உக்காந்தேன். ஒரு மணி நேரம் உக்காந்தேன். இனிமே அஞ்சு மணிக்கு யாரு வருவாங்கன்னு தோணிச்சு. அப்புறம் எழுத்தே தெரியல சார். கண்ணெல்லாம் ஒரே பேஜார் ஆயிடுச்சு.”

நான் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தேன். மணி பன்னிரண்டரைதான் ஆகியிருந்தது. அவர் எழுந்துபோய் டீ சொல்லிவிட்டு வந்தார். சர்க்கரை போடச் சொன்னாரா என்று தெரியவில்லை, எனக்கு உப்புக் கரித்தது.

பேனரை நாங்கள் இரண்டு பேருமாகப் பிடுங்கினோம். அதற்குள் செய்தி பரவ வேண்டிய அளவுக்குப் பரவிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு லேட்டாக வந்த பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பஸ்ஸிலிருந்து பேனரைப் படம் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறான். ஹெட்மாஸ்டர் இரண்டு நிமிட மௌனமும் அரை நாள் விடுமுறையும் அறிவித்துவிட்டார். ஃபிசிக்ஸ் அசிஸ்டென்ட் நேராக எங்கள் வீட்டுக்குப் போய், ஃப்ரீசர் பெட்டிக்கு மாலை போட்டு, எட்டிப் பார்த்துவிட்டு, ஒரே ராத்திரியில் மனுஷன் இப்படி வாடிட்டாரே என்று ஸ்டெல்லாவிடமே சொல்லி அழுதிருக்கிறார். நான் போய் நின்றதும் ஸ்டெல்லா என் கையைக் கிள்ளிப் பார்த்தாள். பிறகு பயாப்ஸி விஷயம் தெரிந்து கிள்ளியது வேறு கிள்ளு, அதன் தழும்பு இன்னும் இருக்கிறது. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது பையன்கள் முகத்தில் அப்படி ஒரு ஏமாற்றம்.

ஆனால் நாலு மணி பாக்கி இருந்தது. ஹவுஸ் ஓனர் காரியத்தை விட்டு ஸ்டெல்லாவால் வர முடியவில்லை. சித்தர் கடையைச் சாத்திவிட்டு என்னை டி.வி.எஸ். பின்னால் ஏற்றிக்கொண்டார். வழி முழுக்க அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தேன். கவரைக் கையில் கொடுத்தார்கள். என்னால் பிரிக்க முடியவில்லை. அவர் வாங்கிப் பிரித்து, இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“சார், ‘நோ’ன்னு ஆரம்பிக்குது. ‘நோ’ நல்லதா கெட்டதா?”

டாக்டர் அறைக்குள் போகும்வரை அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும். நல்லதுதான். வெறும் நெறிக்கட்டி. மாத்திரை கொடுத்து அனுப்பினார். வெளியே வந்ததும் சித்தர் ஆஸ்பத்திரி மதில் மேல் உட்கார்ந்து ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே ‘ரெடி’ ஃபோல்டரிலிருந்து என் ஃபைலை அழித்துவிட்டார். போட்டோ நல்லா இல்ல சார் என்றார்.

இதெல்லாம் நடந்து ஆறு மாதம் ஆகிறது. சித்தர் மறுபடி பழைய சித்தராகி, துக்கத்தில் வருகிறவர்களைக் கேள்வி கேட்டுக் குடைகிறார். எனக்குத்தான் பயம் இடம் மாறிவிட்டது. அவருக்கு என்னைவிட ஏழு வயது கூட. வீட்டில் ஒண்டி ஆள். வேளைக்குச் சாப்பிடுவதில்லை. ஏணியில் ஏறினால் மேலே போனதும் ஒரு நிமிஷம் பேச்சு வருவதில்லை, நான் அதை மனசுக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறேன். நேற்று இரண்டு தடவை இருமினார். இன்று காலை அவரிடம் கேட்காமலே ஆஸ்பத்திரிக்கு போன் செய்து டோக்கன் போட்டுவிட்டேன். பேஷன்ட் உங்களுக்கு என்ன வேணும் என்று அந்தப் பெண் கேட்டாள்.

அண்ணன் என்று சொன்னேன்.